கறுப்பு மையும் பறக்கும் தட்டும்

பறக்கும் தட்டுகள் உண்டா, இல்லையா என்று முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வாதத்துக்குள் நுழையப் போவதில்லை. அமெரிக்காவில் அவற்றைப் பற்றி அரசுக்கு எழுதிக் கேட்ட குடிமக்களுக்கு என்ன பதில் வந்தது, உளவு அமைப்புகள் ஏன் அப்படிப் பதில் சொல்லின என்பதே இங்கே விசாரிக்கப்படுவது. முதல் வாதத்துக்கான ஆதாரங்கள் பெரும்பாலும் மங்கலானவை: கண்டவர் வாக்குமூலம், ரேடார் திரையில் ஒரு புள்ளி, தெளிவில்லாத படச்சுருள். இரண்டாவதற்குக் கடிதங்கள், குறிப்பாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், உளவு அமைப்பின் வரலாற்றாசிரியரே எழுதிய ஆய்வு என்று உறுதியான தாள்கள் இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. இந்த அமைப்புகள் மிகுந்த அக்கறையோடு மறைத்தது தங்களைத்தான்: தாங்கள் இதைக் கவனிக்கிறோம் என்பதை, எந்தக் கருவியால் கவனிக்கிறோம் என்பதை, தங்களுடைய எந்த விமானம் அந்த வானத்தில் பறக்கிறது என்பதை. அந்த மறைப்புக்காகச் சொன்ன சின்னச் சின்னப் பொய்கள்தான் பெரிய சந்தேகத்தை வளர்த்தன.

தொடக்கம் எல்லோரும் அறிந்தது. 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் சிறு விமானம் ஓட்டிச் சென்ற கென்னத் ஆர்னால்ட், ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பத்திரிகைகள் 'பறக்கும் தட்டு' என்று பெயர் சூட்டின. அந்தச் செப்டம்பரிலேயே ஜெனரல் நேதன் ட்வைனிங் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில், மக்கள் சொல்வது வெறும் கற்பனையல்ல, ஏதோ ஒன்று உண்மையாகவே பறக்கிறது என்று குறிப்பிட்டார். அன்றைய ராணுவத்துக்கு இருந்த பயம் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றியதல்ல, மாஸ்கோவைப் பற்றியது. விமானப்படை அடுத்தடுத்து மூன்று விசாரணைத் திட்டங்களை நடத்தியது. மூன்றாவதான 'புளூ புக்' 1952 முதல் 1969 வரை நீடித்தது. அது மூடப்பட்டபோது கணக்கில் இருந்தவை 12,618 தகவல்கள். அவற்றில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை.

சி.ஐ.ஏ. இதில் அக்கறையோடு தலையிட்டது 1952 கோடையில். அந்த ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில், தலைநகர் வாஷிங்டனின் வான்பரப்பில் அடையாளம் தெரியாத புள்ளிகள் விமான நிலைய ரேடாரில் தெரிந்தன. போர் விமானங்கள் அனுப்பப்பட்டன. ஜூலை 29 அன்று விமானப்படை உளவுத் தலைவர் ஜான் சாம்ஃபர்ட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, காற்றின் வெப்ப அடுக்குகள் மாறுவதால் ரேடாரில் பொய்த் தோற்றம் வரலாம் என்று விளக்கினார். சி.ஐ.ஏ.வின் அறிவியல் உளவுப் பிரிவுத் தலைவர் மார்ஷல் சாட்வெல்லின் கவலை வேறாக இருந்தது. மக்கள் பீதியில் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்தால் வான்பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்பு திணறிப்போகும், உண்மையான சோவியத் குண்டுவீச்சு விமானம் அந்தச் சந்தடியில் நுழைந்துவிடும் என்று அவர் அஞ்சினார். அணுகுண்டுக் காலத்தில் இது நியாயமான அச்சம்தான்.

அந்த அச்சத்திலிருந்து பிறந்தது 1953 ஜனவரியில் கூடிய ராபர்ட்சன் குழு. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலாளர் எச்.பி. ராபர்ட்சன் தலைமை வகித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற லூயிஸ் ஆல்வரஸ், சாமுவேல் கௌட்ஸ்மிட், லாய்டு பெர்க்னர், வானியலாளர் தார்ன்டன் பேஜ் ஆகியோர் உறுப்பினர்கள். சில நாட்களில் பணியை முடித்த குழு, இந்தப் பொருள்களால் நேரடி ஆபத்து எதுவும் இல்லை, வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்றும் இல்லை என்றது. அதோடு நின்றிருந்தால் அது ஓர் அறிவியல் அறிக்கையாகவே இருந்திருக்கும். மக்கள் மனத்தில் இருக்கும் மாயத்தை ஊடகங்கள் வழியாகக் களைய வேண்டும் என்றும், தட்டுகளை ஆராயும் தனியார் சங்கங்களைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அது சேர்த்துப் பரிந்துரைத்தது. லாஸ் ஏஞ்சலிஸிலும் விஸ்கான்சினிலும் இயங்கிய இரண்டு சங்கங்கள் பெயரிட்டே குறிக்கப்பட்டன. அறிக்கை ரகசியம். குழுவைக் கூட்டியது சி.ஐ.ஏ. என்பது அதைவிட ரகசியம்.

என் பார்வையில் வரலாறு வழிதவறியது இந்த இடத்தில்தான். ஐந்து விஞ்ஞானிகளும் எட்டிய முடிவில் மறைக்க எதுவும் இல்லை. வெளியிட்டிருந்தால் அமெரிக்க மக்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் குடிமக்களின் சங்கத்தை உளவு பார்க்கச் சொன்ன பத்தியை எப்படி வெளியிடுவது? அதனால் முழு அறிக்கையும் அலமாரிக்குள் போனது. அதே ஆண்டு விமானப்படை 200-2 என்ற விதியைக் கொண்டுவந்தது. வானில் கண்ட பொருள் இன்னதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே பொதுமக்களிடம் சொல்லலாம், தெரியாதவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அதன் சாரம். விடை தெரிந்த கணக்குகளை மட்டும் காட்டும் ஓர் அலுவலகம், விடை தெரியாதவையும் இருக்கின்றன என்று அறிந்த மக்களிடம் எப்படி நம்பிக்கை பெறும்?

அந்த நம்பிக்கை சரிந்த விதத்தைக் காட்ட ஒரு சிறிய சம்பவம் போதும். அதை 1997இல் சி.ஐ.ஏ.வின் சொந்த ஆய்விதழிலேயே வரலாற்றாசிரியர் ஜெரால்டு ஹெய்ன்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். 1955இல் சிகாகோவைச் சேர்ந்த வயதான சகோதரிகள் இருவர், ஒரு வானொலி நிகழ்ச்சியின் நடுவே விளங்காத சங்கேத ஒலி கேட்டதாகவும் அதை ஒலிநாடாவில் பதிவு செய்திருப்பதாகவும் ஓர் இதழில் தெரிவித்தார்கள். சி.ஐ.ஏ. அதிகாரிகள் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அரசே வந்து கேட்கிறதே என்று சகோதரிகளுக்குப் பெருமகிழ்ச்சி. வந்தவர்கள், நாடகமேடையில் நடித்த காலத்துப் பத்திரிகை நறுக்குகளை அவர்கள் எடுத்துக் காட்டியதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நாடாவின் பிரதியை வாங்கிச் சென்றார்கள். ஆராய்ந்ததில் அது அமெரிக்க வானொலி நிலையம் ஒன்றின் சாதாரண மோர்ஸ் ஒலி என்று தெரிந்தது. விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

1957இல் லியான் டேவிட்சன் என்ற வேதிப் பொறியாளர் அந்தச் சகோதரிகளைச் சந்தித்தார். வந்த அதிகாரி தன்னை விமானப்படைக்காரர் என்று சொன்னதாக அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். டேவிட்சன் அந்த அதிகாரிக்கே எழுதி, ஒலிநாடா என்ன ஆயிற்று என்று கேட்டார். உரியவர்களுக்கு அனுப்பியாயிற்று, முடிவு தெரியாது என்று பதில் வந்தது. ஐயம் வலுத்து, சி.ஐ.ஏ. இயக்குநர் ஆலன் டல்லஸுக்கு எழுதினார். வேறொரு அரசு அமைப்பு ஆராய்ந்தது, விமானப்படை உங்களுக்கு எழுதும் என்றது சி.ஐ.ஏ. விமானப்படையோ, அந்த அதிகாரி எங்கள் ஆள்தான், ஆனால் நாடாவை ஆராய்ந்தது இன்னொரு அமைப்பு என்று எழுதியது. ஆக, இரண்டு அமைப்புகளும் ஒன்றையொன்று கைகாட்டின. மறுபடி கேட்டபோது, சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவர் விமானப்படைச் சீருடை அணிந்து நியூயார்க்கில் டேவிட்சனைச் சந்தித்துச் சமாதானம் சொன்னார். கடைசியில் தொலைபேசியில் வந்த விடை: கோப்பு அறையில் இடம் மிச்சப்படுத்துவதற்காக ஒலிநாடாவும் குறிப்புகளும் அழிக்கப்பட்டுவிட்டன. கொதித்துப்போன டேவிட்சன் கடுமையாகப் பேசினார். இனி அவருக்குப் பதிலே தருவதில்லை என்று சி.ஐ.ஏ. முடிவு செய்தது.

இந்த நிகழ்ச்சி முழுவதிலும் வேற்றுலகம் எங்கேயும் இல்லை. ஒலி உள்நாட்டு வானொலியுடையது. காக்கப்பட்ட ரகசியம், வீட்டுக்கு வந்த ஓர் அலுவலர் எந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறார் என்பது மட்டுமே. டேவிட்சன்கூட வேற்றுக்கிரகவாசிகளை நம்பியவர் அல்லர், தட்டுகளுக்குப் பின்னால் அமெரிக்க அரசே இருக்கிறது என்று கருதியவர். அவருக்குக் கிடைத்த பதில்கள் அந்தக் கருத்தை மாற்றும் என்று எந்த நியாயவான் எதிர்பார்ப்பார்? இதை சி.ஐ.ஏ. சரியாகக் கையாளவில்லை என்று ஹெய்ன்ஸே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின.

மறைப்பதற்கு உண்மையான காரணம் இருந்த இடமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1955 ஆகஸ்டில் நெவாடா பாலைவனத்தின் குரூம் ஏரியில் யூ-2 உளவு விமானம் முதன்முதலில் பறந்தது. பயணிகள் விமானங்கள் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் அடி உயரத்தில் சென்ற காலம் அது. யூ-2 பறந்தது அறுபதாயிரம் அடிக்கு மேலே. கீழே பொழுது சாய்ந்து இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். வெள்ளி நிற இறக்கைகள் நெருப்புத் துண்டங்களாக ஒளிர்ந்தன. அந்த உயரத்தில் மனிதர் பறக்க முடியும் என்று அறியாத விமானிகள், கண்டதை அப்படியே எழுதி அனுப்பினார்கள். புளூ புக் அலுவலர்கள் சி.ஐ.ஏ.வின் யூ-2 திட்டப் பணியாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, பறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடையைத் தெரிந்துகொள்வார்கள். ஆனால் எழுதியவருக்கு அந்த விடையைச் சொல்ல முடியாது. பனிப்படிகம், வெப்ப அடுக்கு என்று வேறு காரணம் கற்பித்துப் பதில் போகும். ஹெய்ன்ஸ் இதை ஏமாற்றுதல் என்றே குறிப்பிடுகிறார். சோவியத் நாட்டின் மேல் பறக்கப்போகும் விமானத்தைக் காக்கச் செய்தது என்பதால் இதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நியாயம் காலாவதியான பிறகும் பொய் தொடர்ந்தது. யூ-2 விமானம் 1960 மே மாதம் சோவியத் மண்ணில் சுட்டு வீழ்த்தப்பட்டு உலகத்துக்கே தெரிந்துவிட்டது. குரூம் ஏரித் தளத்தின் பெயரை, ஏரியா 51 என்று எல்லோரும் அறிந்த அந்த இடத்தை, சி.ஐ.ஏ. தன் ஆவணத்தில் வெளிப்படையாக விட்டது 2013 ஆகஸ்டில். அதுவும் ஆய்வாளர் ஜெஃப்ரி ரிச்செல்சன் 2005இல் போட்ட மனுவின் விளைவாக.

இதே இடத்தில் சி.ஐ.ஏ.வின் இன்னொரு கூற்றையும் சோதிக்க வேண்டும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த தகவல்களில் பாதிக்கும் மேற்பட்டவை தங்கள் உளவு விமானங்களே என்று அது சொல்கிறது. 2014இல் சமூக ஊடகத்திலும் அதைப் பெருமையாக அறிவித்தது. புளூ புக்கின் ஆண்டுவாரிக் கணக்கு இதற்கு அவ்வளவு இசைவாக இல்லை. தகவல்கள் உச்சத்தைத் தொட்டது 1952இல், 1,501. அப்போது யூ-2 வரைபடத்தில்கூட இல்லை. அது பறக்கத் தொடங்கிய 1955இல் 545. 1956இல் 670. அடுத்த பெரிய எழுச்சி 1957இல், 1,006. அந்த ஆண்டு அக்டோபரில்தான் ஸ்புட்னிக் விண்ணுக்குச் சென்று உலகமே அண்ணாந்து பார்த்தது. செய்தித்தாள் வானத்தைப் பற்றிப் பேசும்போது மக்கள் வானத்தைப் பார்க்கிறார்கள் என்பதே இந்த எண்களின் எளிய பொருள். உளவு விமானங்கள் சில நூறு காட்சிகளை விளக்கலாம். பாதி என்பதற்கு சி.ஐ.ஏ. அட்டவணை எதையும் காட்டவில்லை. முன்பு எல்லாவற்றையும் வானிலையின் தலையில் போட்ட அமைப்பு, பின்பு அதில் பாதியைத் தன் விமானத்தின் கணக்கில் எழுதிக்கொண்டது. இரண்டுமே சரிபார்க்க வழி தராத பதில்கள்.

1966 இன்னொரு திருப்பம். மிச்சிகன் மாநிலத்தில் பலர் கண்ட ஒளிகளைச் சதுப்புநில வாயுவாக இருக்கலாம் என்று விமானப்படையின் ஆலோசகர், வானியலாளர் ஜே. ஆலன் ஹைனெக் சொல்ல, நாடே கொந்தளித்தது. பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு அப்போது அந்த மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர். அவர் அமெரிக்க காங்கிரஸின் விசாரணை கோரினார். அதன் தொடர்ச்சியாகக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்டு காண்டன் தலைமையில் ஆய்வு தொடங்கியது. அரசிடமிருந்து விலகிநிற்கும் ஆய்வு என்பதே அதன் மதிப்பு. ஆனால் 1967 பிப்ரவரியில் காண்டனும் சகாக்களும் சி.ஐ.ஏ.வின் ஒளிப்பட ஆய்வு மையத்துக்குச் சென்றார்கள். படங்களை ஆராய்வதில் உதவி கிடைக்கும், ஆனால் உதவியது யார் என்று எங்கேயும் குறிப்பிடக் கூடாது என்பது ஏற்பாடு. அதற்கு முந்தைய ஆண்டுதான் ராபர்ட்சன் அறிக்கையை முழுதாக வெளியிட விமானப்படை அனுமதி கேட்டு, சி.ஐ.ஏ. மறுத்திருந்தது. உதவியில் குற்றமில்லை. சிறந்த கருவிகள் அங்கேதான் இருந்தன. சொல்லாமல் விட்டதுதான் பிறகு வெளிவந்து, தன்னாட்சி ஆய்வு என்ற பெயரையே கெடுத்தது.

காண்டன் அறிக்கை, தொடர்ந்து ஆராய்வதால் அறிவியலுக்குப் பயனில்லை என்றது. 1969 டிசம்பரில் புளூ புக் மூடப்பட்டது. இனி எங்களுக்கு இதில் வேலையில்லை என்பது அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம் விமானப்படையின் நிலையான பதில். ஆனால் மூடும் முடிவுக்கு அடிப்படையான 1969 அக்டோபர் குறிப்பாணையில் ஜெனரல் பொலெண்டர் வேறொன்றும் எழுதியிருந்தார்: தேசப் பாதுகாப்பைத் தொடும் தகவல்கள் வேறு விதிகளின்கீழ் அனுப்பப்படுகின்றன, அவை புளூ புக் அமைப்பைச் சேர்ந்தவை அல்ல. இந்தத் தாள் பத்து ஆண்டுகள் கழித்தே மக்கள் கைக்கு வந்தது. இதை வைத்து ரகசிய விசாரணை ஒன்று நடந்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எல்லை மீறும் எந்தப் பொருளையும் மேலிடத்துக்குச் சொல்லும் வழக்கமான ஏற்பாட்டையே அவர் குறித்திருக்கலாம். ஆயினும், வேலையில்லை என்ற பதில் முழு உண்மை அல்ல என்பதற்கு அது எழுத்துச் சான்று. 1976 செப்டம்பரில் டெஹ்ரான் வானில் ஈரானியப் போர் விமானங்கள் ஒரு பொருளைத் துரத்தியபோது, அதைப் பற்றிய பாதுகாப்பு உளவு முகமையின் அறிக்கை வெள்ளை மாளிகை வரை போனது.

நீதிமன்றக் கட்டம் தொடங்கியது வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் 1966இல் வந்திருந்தாலும், 1974இல் அதிபர் ஃபோர்டின் மறுப்பையும் மீறி நிறைவேறிய திருத்தமே அதற்குப் பல் கொடுத்தது. ரகசியம் என்ற முத்திரை சரியா என்று நீதிபதியே கோப்பைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றாயிற்று. 1977இல் அரிசோனாவின் 'கிரவுண்ட் சாசர் வாட்ச்' என்ற சங்கம் சி.ஐ.ஏ.மீது வழக்குத் தொடுத்தது. எங்களிடம் ராபர்ட்சன் குழு விவகாரம் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இல்லை என்ற பாவனையில் இருந்த அமைப்புக்கு, தேடத் தொடங்கியதும் 355 ஆவணங்கள், ஏறத்தாழ 900 பக்கங்கள் அகப்பட்டன. 1978 டிசம்பரில் 57 ஆவணங்களை நிறுத்திவைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்தது. நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியதும், சி.ஐ.ஏ. இயக்குநர் ஸ்டான்ஸ்ஃபீல்டு டர்னரே திகைத்து, நாம் இந்த விஷயத்தில் இருக்கிறோமா என்று தம் அதிகாரிகளைக் கேட்டார். இந்தக் கேள்வி எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. தலைவருக்கே தெரியாத அளவுக்குக் கோப்புகள் துறைதுறையாகச் சிதறிக் கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவர் இதைத் திட்டமிட்ட சதி என்று எண்ணுகிறார். உள்ளே இருந்தது பெரும்பாலும் ஒழுங்கின்மை. 1980இல் நீதிமன்றம், தேடல் நல்லெண்ணத்தோடு நடந்தது என்று கூறி வழக்கைத் தள்ளியது.

அதே ஆண்டு தேசியப் பாதுகாப்பு முகமை என்ற என்.எஸ்.ஏ. மீது தொடரப்பட்ட வழக்கு இன்னும் கடினமானது. பிற நாடுகளின் தகவல் தொடர்பை ஒட்டுக்கேட்பதே அந்த முகமையின் தொழில். தன்னிடம் தொடர்புடைய 239 ஆவணங்கள் இருப்பதை அது ஒப்புக்கொண்டது. அவற்றில் 156 ஒட்டுக்கேட்பு அறிக்கைகள். பெரும்பாலானவற்றைத் தர மறுத்து, 21 பக்கப் பிரமாணப் பத்திரம் ஒன்றை நீதிபதிக்கு மட்டும் தனியறையில் காட்டியது. வழக்குத் தொடுத்தவரின் வழக்கறிஞர் அதைப் பார்க்க முடியவில்லை. நீதிபதி கெர்ஹார்டு கெசெல் அரசுக்கு அஞ்சுபவர் அல்லர். 1971இல் வியட்நாம் போர் பற்றிய ரகசியமான பென்டகன் ஆவணங்களை வெளியிட வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்குத் தடை விதிக்க மறுத்தவர் அவர்தான். அவரே அந்த 21 பக்கங்களைப் படித்துவிட்டு, வெளியிடுவதில் இருக்கும் பொதுநலனைவிட ரகசியத்தின் தேவை பெரிது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு தோற்றது. 1982இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்கவில்லை.

அதன்பின் அந்தப் பிரமாணப் பத்திரம் பெரும்பகுதி கறுப்பு மை பூசி வெளிவந்தபோது, நீதிபதியையே வாயடைக்க வைத்தது என்னவோ என்று கற்பனை சிறகடித்தது. 1997இல் மையின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. உள்ளே இருந்தது அயல்நாட்டு ராணுவத் தொடர்புகளை எங்கே, எப்படி இடைமறித்தோம் என்ற விவரம்தான். ஒட்டுக்கேட்ட செய்திகளில் வரும் அடையாளம் தெரியாத பொருள் பலூனாக இருக்கலாம் என்ற குறிப்பும் சிலவற்றில் இருந்தது. பனிப்போரின் நடுவே, எதிரியின் ரேடார் நிலையம் பேசுவது நம் காதில் விழுகிறது என்று சொல்ல முடியாதுதான். கெசெலின் தீர்ப்பு சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஆண்டுக்கணக்கில் கறுப்பாகவே கிடந்த பக்கங்களில் எவ்வளவு பகுதி முன்னதாகவே திறந்திருக்கத் தக்கது என்பதைத் தீர்மானித்தவர் யார்? அதே முகமை. சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ராஸ்வெல் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை நிறைவடையாது. 1947 ஜூலை 8 அன்று நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் விமானத்தளம், பறக்கும் தட்டு ஒன்று கிடைத்தது என்று அறிக்கை விட்டது. சில மணி நேரத்தில் ஜெனரல் ராமி, அது வானிலை பலூன் என்றார். அந்த விளக்கம் 47 ஆண்டுகள் நின்றது. நியூ மெக்ஸிகோவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீவன் ஷிஃப் கேட்டதன் பேரில் அரசுக் கணக்காய்வு அலுவலகம் விசாரிக்கத் தொடங்கிய பிறகே, 1994இல் விமானப்படை உண்மையைச் சொன்னது. கிடைத்தது 'மோகல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் தொடர். சோவியத் அணுகுண்டு வெடிப்பின் ஒலியை மேல்வானில் கேட்பதற்காக விடப்பட்டது. விளக்கம் பொருத்தமானதுதான். ஆனால் யார் நம்புவது? 1997இல், வேற்றுக்கிரகச் சடலங்களைக் கண்டதாகச் சொன்னவர்கள் பார்த்தது வான்குடைச் சோதனைப் பொம்மைகளை என்று இன்னோர் அறிக்கை வந்தது. அந்தச் சோதனைகள் நடந்தது 1950களில். 1947 சம்பவத்தோடு மக்கள் அவற்றை மனத்தில் கலந்துவிட்டார்கள் என்ற விளக்கம், முன்னர் வந்த நல்ல விளக்கத்தின் மதிப்பையும் சேர்த்துக் குறைத்தது. இதற்கிடையே கணக்காய்வு அலுவலகம் கண்டறிந்த செய்தி ஒன்று: ராஸ்வெல் தளத்திலிருந்து அந்த ஆண்டுகளில் வெளியே அனுப்பப்பட்ட செய்திகளின் பதிவுகள் உரிய அதிகாரமின்றி அழிக்கப்பட்டிருந்தன.

மனுதாரருக்கு வரும் பதில்களில் சில வகைகள் தேய்ந்த தடங்கள் போல ஆகிவிட்டன. ஆவணம் ஏதும் இல்லை என்பது ஒன்று. எங்களுடையதல்ல, உருவாக்கிய துறையைக் கேளுங்கள் என்பது மற்றொன்று. இருக்கிறது என்றும் சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம் என்பது மூன்றாவது. இதற்கு 'குளோமர்' பதில் என்று பெயர். மூழ்கிய சோவியத் நீர்மூழ்கியைக் கடலடியிலிருந்து எடுக்க 1974இல் சி.ஐ.ஏ. பயன்படுத்திய 'குளோமர் எக்ஸ்ப்ளோரர்' கப்பலைப் பற்றிய வழக்கிலிருந்து வந்தது. நம் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அதன் 24ஆம் பிரிவு உளவு அமைப்புகளை ஏறத்தாழ முழுமையாகவே விலக்கிவைத்திருக்கிறது. அந்த வகையில் அமெரிக்கக் குடிமகனுக்கு நம்மைவிட ஒரு படி கூடுதல் வசதி உண்டு. உளவு அமைப்பை நீதிமன்றத்துக்கு இழுத்து, எத்தனை ஆவணம் வைத்திருக்கிறாய் என்றாவது கேட்க முடிகிறது.

வேறு வழியும் இருந்தது என்பதைப் பிரான்ஸ் காட்டியது. அங்கே 1977 முதல் இந்தப் பொறுப்பு, உளவு அமைப்பிடம் இல்லாமல் துலூஸ் நகரிலுள்ள விண்வெளி ஆய்வு மையத்தின் ஒரு பிரிவிடம் இருக்கிறது. 2007இல் அது தன் கோப்புகளைப் பொதுப் பார்வைக்கு வைத்தது. விளக்கம் கிடைத்தவை, கிடைக்காதவை எல்லாம் தரம் பிரித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டன் 2008 முதல் 2013 வரை பல்லாயிரம் பக்கங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தது. தன் ரகசிய ஆய்வையும், மனு போட்ட பிறகுதான் என்றாலும், 2006இல் வெளியிட்டது. இரண்டு நாடுகளிலும் தேசப் பாதுகாப்பு சரிந்துவிடவில்லை.

அமெரிக்காவில் 2017 டிசம்பரில் இந்தக் கதை மீண்டும் சூடு பிடித்தது. பாதுகாப்பு உளவு முகமை 2.2 கோடி டாலர் செலவில் இதைப் பற்றிய திட்டம் ஒன்றைச் சத்தமின்றி நடத்தியிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. 1969க்குப் பிறகு வேலையில்லை என்ற பதில் இன்னொரு முறை உடைந்தது. கசிந்திருந்த மூன்று கடற்படைக் காணொளிகளை 2020 ஏப்ரலில் பென்டகன் முறைப்படி வெளியிட்டது. மற்றவற்றையும் கேட்டவருக்கு 2022இல் கடற்படை தந்த பதில் கவனிக்கத் தக்கது: எஞ்சியவற்றை வெளியிட்டால் நாட்டுக்குத் தீங்கு. முந்தைய மூன்றை விட்டது அவை ஏற்கெனவே கசிந்துவிட்டதால்தான். அதாவது, கசிவுதான் வெளிப்படைத்தன்மைக்கு வழி என்று அரசே எழுத்தில் சொல்லிவிட்டது. 2021இல் தேசிய உளவு இயக்குநரின் அறிக்கை 144 தகவல்களில் ஒன்றுக்கு மட்டுமே உறுதியான விளக்கம் தந்தது, அது காற்றிறங்கிய பலூன். 2023 ஜூலையில் முன்னாள் உளவு அதிகாரி டேவிட் கிரஷ், வேற்றுலகக் கலங்களை மீட்கும் திட்டம் நடந்ததாகத் தமக்குப் பிறர் சொன்னார்கள் என்று காங்கிரஸ் முன் சாட்சியளித்தார். பென்டகனின் புதிய விசாரணை அலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வரலாற்று அறிக்கை, அப்படி எதற்கும் சான்றில்லை, உண்மையான ரகசியத் திட்டங்களைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றது.

ஆதாரங்களை எடைபோட்டால் நான் அந்த அறிக்கையின் பக்கமே சாய்கிறேன். இதுவரை திறந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் வேற்றுலகக் கலம் ஒன்றும் இல்லை. கறுப்பு மை அகன்ற இடத்திலெல்லாம் பலூனும் உளவு விமானமும் ஒட்டுக்கேட்பு நிலையமும்தான் வெளிப்பட்டன. ஆனால் இந்த முடிவைச் சொல்பவர் பென்டகனாக இருக்கும்வரை அதை நம்பும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. டேவிட்சனுக்கு எழுதிய கைகளும் இதே துறைகளின் கைகள்தான். தன்மீதான புகாரைத் தானே விசாரித்துத் தானே தீர்ப்பு எழுதும் அமைப்பு, சரியான தீர்ப்பை எழுதினாலும் அது சந்தேகத்துக்கு உரியதாகவே இருக்கும்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதிபர் கென்னடி கொலை ஆவணங்களுக்காக 1992இல் சட்டம் இயற்றி, எந்தத் துறைக்கும் கட்டுப்படாத ஆய்வு வாரியம் ஒன்றை அமெரிக்கா அமைத்தது. எதைத் திறக்கலாம், எதை எவ்வளவு காலம் மூடி வைக்கலாம் என்று துறைகள் அல்ல, அந்த வாரியமே தீர்மானித்தது. அதே மாதிரியில் 2023 ஜூலையில் செனட்டர்கள் சக் ஷூமரும் மைக் ரவுண்ட்ஸும் கட்சி வேறுபாடு கடந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒன்பது பேர் கொண்ட வாரியம், 25 ஆண்டு கடந்த ஆவணங்கள் திறக்கப்பட வேண்டும் என்ற பொதுவிதி ஆகியவை அதில் இருந்தன. செனட் ஏற்றது. டிசம்பரில் இரு அவைகளும் சமரசம் பேசியபோது வாரியம் நீக்கப்பட்டது. ஆவணங்களைத் தேசியக் காப்பகத்தில் தொகுக்க வேண்டும் என்ற பகுதி மட்டும் சட்டமாயிற்று. எதை மூடி வைப்பது என்ற முடிவு மறுபடி துறைகளிடமே போய்ச் சேர்ந்தது.

ஆகவே, ரகசியக் கோப்புகள் திறக்கப்பட்டன என்ற தலைப்பில் அடுத்த செய்தியைப் பார்க்கும் வாசகர், உள்ளே வேற்றுக்கிரகவாசி இருக்கிறாரா என்று தேடுவதற்கு முன்பு, எந்தப் பக்கத்தை விடுவது என்று தீர்மானித்தவர் யார் என்று பாருங்கள். அது அந்தக் கோப்பை எழுதிய துறையாகவே இருந்தால், திறப்பு இன்னும் நடக்கவில்லை.